தனியாகப் பாடிப் பதிவு செய்த கும்மிப் பாட்டு 96 பிபிஎம் பீட்டோடு ஒட்டவில்லை: குரலைத் திருத்துவதா, பீட்டைத் திருத்துவதா?

கும்மிக்கொட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊர்த் திருவிழாவில் பெண்கள் கும்மியடிக்கும்போது ஒலிபெருக்கியில் போடுவதற்காக, நாங்களே வரி எழுதிய ஒரு கும்மிப் பாட்டை என் அத்தை பாடிக் கொடுத்திருக்கிறார். பதிவில் இருப்பது குரல் மட்டும்தான். ஒரு கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டு அதைக் காதில் கேட்டுக்கொண்டு, இன்னொரு கைபேசியில் வேவ் கோப்பாகப் பதிவு செய்தார். நான் கிளிக் (சீரான தாளத் தட்டொலி) எதுவும் கொடுக்கவில்லை. அவர் தொடையில் தட்டித் தாளம் போட்டபடியே பாடினார். பாட்டின் நீளம் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதல்.

எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் 96 பிபிஎம் (நிமிடத்திற்கு 96 அடி) வேகத்தில் ஒரு பீட்டை (தாளப் பின்னணியை) முன்பே தயாரித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் (பெரிய முரசின் அடி), இரண்டாவது, நான்காவது அடிகளில் கைதட்டல், அதற்கு மேல் அடிக்கு நான்காகப் பிரியும் ஹைஹேட் (ஜால்ரா போன்ற ஒலி), இடையிடையே பறைச் சாம்பிள்கள் (பதிவுத் துணுக்குகள்) என்று அமைத்திருக்கிறேன். குரல் கோப்பை உள்ளே இழுத்து டெம்போ (பாட்டின் வேகம்) கண்டறியச் சொன்னபோது மென்பொருள் 138 என்று காட்டியது. அதை நம்பி 138இலிருந்து 96க்கு ஸ்ட்ரெட்ச் செய்தால் (ஒலியின் நீளத்தை மாற்றினால்) குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இழுக்கிறது. ஸ்ட்ரெட்ச் செய்யாமல் முதல் எழுத்தை முதல் அடியின் கோட்டில் வைத்து ஓடவிட்டால், முதல் இரண்டு வரி ஓரளவு பொருந்தி, மூன்றாவது வரியிலிருந்து விலகிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லாக வெட்டிக் கிரிட்டில் (அடிகளைக் காட்டும் கோடுகளில்) ஒட்டியும் பார்த்தேன். கோடுகளின் மேல் எல்லாம் சரியாக நிற்கிறது. ஆனால் கேட்பதற்கு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

பாட்டின் உண்மையான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குரலைப் பீட்டுக்கு இழுப்பதா, பீட்டைக் குரலுக்கு மாற்றுவதா? அத்தையை மறுபடி பாடச் சொல்வதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவில் அவர் பாடியிருக்கும் உற்சாகம் இன்னொரு முறை வருமா என்பது ஐயம்.


ஒலிக்கூடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. 138 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே எனக்கு 92 என்றுதான் தோன்றியது, ஏனெனில் 92இன் ஒன்றரை மடங்கு 138. டெம்போ கண்டறியும் கருவிகள் ஒலி திடீரென்று எழும் இடங்களைத் தேடி, அந்த இடங்களுக்கு நடுவே எந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்கின்றன. கிக், ஸ்நேர் போன்ற முரசொலிகள் இருந்தால் அந்த எழுச்சிகள் தெளிவாகத் தெரியும். குரல் மட்டும் இருக்கும்போது, எழுத்துக்கு எழுத்து வழுக்கிச் செல்லும் ஒலியில் எது அடி, எது அடியின் உட்பிரிவு என்று கருவியால் பிரித்தறிய முடிவதில்லை. ஆகையால் பாதி, இரட்டை, ஒன்றரை, முக்கால் ஆகிய மடங்குகளில் அது தவறுவது வெகு இயல்பு. கருவி ஓர் எண்ணைக் காட்டினால், அதை இந்த மடங்குகளால் பெருக்கியும் வகுத்தும் பார்த்து, காதுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நம்பகமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அத்தை தொடையில் தட்டிய ஒலி பதிவில் மெலிதாகவாவது விழுந்திருக்கும். இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டிருந்தால் அது போயிருக்கக்கூடும்; எனவே கை வைக்காத மூலக் கோப்பைத் தனி ட்ராக்கில் திறந்து, சத்தத்தை நன்றாகக் கூட்டிக் கேளுங்கள். பாட்டின் வேகம் என்ன என்பதற்கு அந்தத் தட்டலைவிடச் சிறந்த சான்று வேறெதுவும் கிடையாது. 32 தட்டல்களை எண்ணி, முதல் தட்டலிலிருந்து 33ஆவது தட்டல் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, 32ஐ 60ஆல் பெருக்கி அந்த வினாடிகளால் வகுத்தால் பிபிஎம் வந்துவிடும். அது 20.87 வினாடியாக இருந்தால் வேகம் 92. சுட்டியைத் தட்டி டெம்போ எடுப்பதைவிட இது துல்லியமானது, ஏனென்றால் உங்கள் விரலின் தடுமாற்றம் இதில் சேர்வதில்லை.

தசமத்தையும் விட்டுவிட வேண்டாம். 92.3ஆக இருப்பதை 92 என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிட முடிவில் ஏறத்தாழ ஓர் அடியில் பத்தில் ஒன்பது பங்கு விலகியிருக்கும், அதாவது அரை வினாடிக்கும் மேல். ஆரம்பத்தில் பொருந்தி, போகப்போக ஒரே சீராக விலகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தசமத்தால்தான் வருகின்றன. உங்களுடையதில் மூன்றாவது வரியிலேயே விலகல் தெரிவதால் வேறு காரணமும் இருக்க வேண்டும். முதலில் பாட்டின் தொடக்கத்தில் ஒரு முறையும், நடுவில் ஒரு முறையும், இறுதியில் ஒரு முறையும் அளந்து சொல்லுங்கள்.


சொற்கட்டு எழுதியது:

நான் மென்பொருள் ஆள் அல்லன், மிருதங்கம் வாசிப்பவன். ஒலிக்கூடம் அவர்கள் சொன்ன ஒன்றரை மடங்கு என்பது தற்செயலாக வந்த தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சிக்கலின் வேரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ர நடையில் அமைபவை. ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே தகிட, தகிட என்று மூன்று சிற்றடிகள் ஓடும். 92 வேகத்தில் ஒரு நிமிடத்திற்கு 276 சிற்றடிகள் வருகின்றன. கருவி அவற்றை மூன்று மூன்றாகச் சேர்க்காமல் இரண்டு இரண்டாகச் சேர்த்து எண்ணியிருக்கிறது. அதனால்தான் 138 கிடைத்தது. இப்போது உங்கள் பீட்டை எண்ணிப் பாருங்கள். ஹைஹேட் அடிக்கு நான்காக, தகதிமி என்று சதுஸ்ரத்தில் ஓடுகிறது. திஸ்ரத்தில் பாடிய குரலைச் சதுஸ்ரக் கட்டத்தின் மேல் வைத்தால், நீங்கள் வேகத்தை நூற்றில் ஒரு பங்கு வரை துல்லியமாகப் பொருத்தினாலும், அடியின் தலைப்பில் மட்டும் இரண்டும் சந்தித்து, உள்ளே வரும் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஹைஹேட்டுக்கு முன்னோ பின்னோ விழுந்துகொண்டே இருக்கும்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். 96 வேகத்தில் ஓர் அடி 625 மில்லிவினாடி. அதை மூன்றாகப் பிரித்தால் இரண்டாவது சிற்றடி 208ஆவது மில்லிவினாடியில் வரும். நான்காகப் பிரித்தால் இரண்டாவது சிற்றடி 156இல் வரும். இடைவெளி 52 மில்லிவினாடி. அடியின் கடைசிச் சிற்றடியை எடுத்துக்கொண்டாலும் 417க்கும் 469க்கும் நடுவே அதே 52 மில்லிவினாடிதான். இசைப் பயிற்சி இல்லாத காதுக்கும் இது இடறும். நீங்கள் சொல் சொல்லாக வெட்டிக் கிரிட்டில் ஒட்டியபோது நடந்தது என்னவென்றால், திஸ்ரத்தில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சதுஸ்ரத்தில் நிறுத்தினீர்கள். நடை போன பிறகு கும்மி எப்படிக் கும்மியாக இருக்கும்?

எனவே முதல் வேலை குரலில் அன்று, பீட்டில். கிக்கும் கைதட்டலும் அப்படியே இருக்கட்டும். ஹைஹேட்டை அடிக்கு மூன்றாக மாற்றுங்கள். பறைச் சாம்பிள்கள் சதுஸ்ர நடையில் வாசித்தவையாக இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுத் திஸ்ரத்தில் வாசித்தவற்றைத் தேடுங்கள்; வாசித்த லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துணுக்கை) நடை மாற்றி இழுப்பது உருப்படாது. கிரிட்டையும் அடிக்கு மூன்றாகப் பிரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சரிபார்ப்பதற்கு மென்பொருளே வேண்டாம்: அத்தையின் குரலை ஓடவிட்டு, கூடவே வாயால் தகிட, தகிட என்று சொல்லுங்கள், பிறகு தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். எது உதட்டில் ஒட்டுகிறது என்று இரண்டு வரிக்குள் தெரிந்துவிடும்.

இன்னொன்று எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாட்டின் முதல் எழுத்தை முதல் அடியின் கோட்டில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாட்டு தாளத்தோடு ஒன்றாகத் தொடங்கினால், அதாவது சம எடுப்பாக இருந்தால்தான் அது சரி. தாளம் விழுந்து அரையிடமோ முக்காலிடமோ தள்ளிப் பாட்டு தொடங்குவது அநாகதம். தாளத்திற்கு முன்பே தொடங்குவது அதீதம். முதல் எழுத்துக்கு முன்னால் அத்தை ஒரு தட்டல் தட்டியிருக்கிறாரா என்று மூலப் பதிவில் கவனித்துக் கேளுங்கள். தட்டியிருந்தால் கோட்டில் நிற்க வேண்டியது அந்தத் தட்டலே ஒழிய எழுத்து அன்று.


கும்மிக்கொட்டு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூலக் கோப்பில் தட்டல் தெளிவாகவே இருக்கிறது. தொடக்கத்தில் 92 வருகிறது, நடுவில் ஏறத்தாழ 94, கடைசிச் சரணத்தில் 97. முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு தட்டலும் இருக்கிறது. பாட்டு அரையிடம் தள்ளித்தான் தொடங்குகிறது. ஹைஹேட்டைத் திஸ்ரமாக்கி, தட்டலைக் கோட்டில் வைத்து, 92இலிருந்து 96க்கு ஸ்ட்ரெட்ச் செய்ததும் முதல் சரணம் வேறு பாட்டு போல மாறிவிட்டது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. வேகம் கூடிக்கொண்டே போகும் குரலை எப்படிக் கையாள்வது? அடுத்தது, தட்டல் கேட்காத சில இடங்களில் வேவ்ஃபார்மை, அதாவது ஒலியலையின் படத்தைப் பார்த்து, சொல் தொடங்கும் இடத்தைக் கோட்டில் மிகச் சரியாக வைத்தும் குரல் சற்றுத் தாமதமாக ஒலிக்கிறது. குறிப்பாகச் ‘சாமி’, ‘சந்தனம்’ போன்ற சொற்களில் இது தெரிகிறது.


வெட்டும்மேசை எழுதியது:

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குரல் ஒத்திசைப்பில் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். ஒரு சொல்லின் ஒலி தொடங்கும் கணமும், அந்தச் சொல் தாளத்தில் விழுந்ததாகக் காது உணரும் கணமும் ஒன்றல்ல. காது பெரும்பாலும் உயிரொலி எழும் இடத்தையே அடியாக எடுத்துக்கொள்கிறது. ‘சாமி’ என்பதில் சகரத்தின் சீறல் முதலில் வந்து, அதன் பின்னர்தான் ஆகாரம் எழுகிறது. பாடுபவர் அந்தச் சீறலை அடிக்கு முன்பே தொடங்கி, ஆகாரத்தை அடியின் மேல் இறக்குகிறார். நீங்கள் சீறலின் தொடக்கத்தைக் கோட்டில் வைத்ததால் ஆகாரம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்தால், சகரம் ஒழுங்கற்ற மெல்லிய இரைச்சலாகவும், உயிரொலி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் பருத்த அலையாகவும் தெரியும். அந்த மாற்றம் நிகழும் இடத்தைத்தான் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ‘அம்மா’, ‘ஆத்தா’ போல உயிரில் தொடங்கும் சொற்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மகரமும் நகரமும் நடுத்தரம். காதை நம்பி முடிவு செய்யுங்கள்.

வேகம் கூடுவதைக் கையாள இரண்டு வழிகள் உண்டு. பீட் 96இலேயே நிற்க வேண்டுமென்றால் குரலைப் பகுதி பகுதியாக ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டும். தொடக்கப் பகுதியை நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வேகப்படுத்துவீர்கள். கடைசிப் பகுதியை ஒரு பங்கு அளவுக்கு மெதுவாக்குவீர்கள். இரண்டுமே சிறிய மாற்றங்கள், குரல் கெடாது. எஃப்எல் ஸ்டுடியோவில் ஸ்ட்ரெட்ச் முறையை ஒற்றைக் குரலுக்கென்று இருக்கும் இ3 மோனோவில் வையுங்கள். ரீசாம்பிள் முறையில் வைத்தால் வேகத்தோடு சுருதியும் ஏறும்: 92இலிருந்து 96க்குப் போனால் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் கூடிவிடும், பின்னணியில் ஆர்மோனியமோ நாயனமோ சேர்த்தால் ஒட்டாது. மற்ற இசை மென்பொருள்களிலும், ஏபிள்டன் லைவில் காம்ப்ளக்ஸ் ப்ரோ, ரீப்பரில் எலாஸ்டிக் சோலோயிஸ்ட் என்று இதற்கு இணையானவை இருக்கின்றன.

பகுதி பிரிப்பதற்கு எஃப்எல்லின் நியூடைம் கருவியிலோ, ரீப்பரின் ஸ்ட்ரெட்ச் மார்க்கரிலோ நங்கூரப் புள்ளிகளைப் போடும்போது கஞ்சத்தனமாக இருங்கள். எட்டுத் தட்டலுக்கு ஒரு புள்ளி போதும். 92இல் எட்டுத் தட்டல் 5.22 வினாடி, 97இல் 4.95 வினாடி, இந்த இடைவெளியை அளந்துகொண்டே போனால் எங்கே வேகம் ஏறியது என்பது தானாகவே தெரிந்துவிடும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும் எழுத்துகள் முன்னும் பின்னும் கொஞ்சம் அலையட்டும். அந்த அலைச்சல் பாடுபவருடையது. ஒரு சொல் மட்டும் உறுத்தினால் அதற்கு மட்டும் தனியாக ஒரு புள்ளி போடுங்கள். வெட்ட நேர்ந்தால் மூச்செடுக்கும் இடத்திலோ, ‘த்த’, ‘க்க’ போன்ற வல்லொற்று இரட்டிக்கும்போது உள்ளே வரும் சிறு மௌனத்திலோ வெட்டி, பத்து மில்லிவினாடிக் குறுக்கு மங்கல் (ஒன்று தேயும்போதே மற்றொன்று எழுவது) கொடுங்கள், ஒட்டு தெரியாது. ஒருமுறை இழுத்த கோப்பை ஏற்றுமதி செய்து மறுபடி இழுக்காதீர்கள். எந்தத் திருத்தமானாலும் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, குரலைத் தொடாமல் ப்ராஜெக்ட்டின் டெம்போவைக் குரலுக்கு ஏற்ப ஏற்றுவது. எஃப்எல்லில் டெம்போ எண்ணின் மேல் வலச்சொடுக்கி ஆட்டோமேஷன் கிளிப் (எண் தானாக மாறும் கோடு) உருவாக்கலாம். ரீப்பரில் டெம்போ மார்க்கர் போடலாம். இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: குரல் கிளிப் டெம்போவைப் பின்தொடரும் நிலையில் இருந்தால், டெம்போவை ஏற்றும்போது குரலும் சேர்ந்து ஓடி, விலகல் அப்படியே மிஞ்சும். ஆகவே எஃப்எல்லில் அந்தக் கிளிப்பின் ஸ்ட்ரெட்ச்சை நீக்கிவிடுங்கள். ரீப்பரில் அந்த ஐட்டத்தின் டைம்பேஸை டைம் என்று வையுங்கள்.

என் பரிந்துரை முதல் வழி. பீட் ஒரே வேகத்தில் இருந்தால் பிறகு யாராவது இன்னொரு பாட்டோடு கோத்துப் போடுவது எளிது.


சொற்கட்டு எழுதியது:

வெட்டும்மேசை அவர்களின் கடைசிப் பரிந்துரையோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உயிரொலி பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் பாடகரின் உயிரைக் கேட்டுத்தான் அடியைப் போடுகிறோம். ஆனால் கும்மி என்பது ஆடுவதற்கான பாட்டு. வட்டம் சூடேற ஏற வேகம் கூடுவது அதன் இயல்பு. ஆடுபவர்களின் கைகொட்டு பாடுபவரை இழுக்கும், பாடுபவர் ஆடுபவர்களை இழுப்பார். 92இல் தொடங்கி 97இல் முடித்திருக்கிறார் என்றால், தனியாக உட்கார்ந்து பாடியும் அத்தையின் உள்ளே அந்த வட்டம் ஓடியிருக்கிறது. அதைச் சமன் செய்துவிட்டு, பின்னர் உற்சாகம் குறைகிறதே என்று கடைசிச் சரணத்தில் ஒரு கிக்கைக் கூடுதலாகச் சேர்க்கப் போகிறீர்கள். திருவிழாவில் கும்மியடிப்பதற்குத்தான் இந்தப் பாட்டு என்றால் டெம்போவை ஏற்றுங்கள். வேகத்தைப் படிப்படியாக, சரணத்திற்குச் சரணம் ஏற்றினால் போதும். ஒவ்வொரு தட்டலையும் துரத்த வேண்டாம்.


வெட்டும்மேசை எழுதியது:

ஆடுவதற்கான பாட்டு என்பதைக் கணக்கில் எடுத்தால் சொற்கட்டு அவர்கள் சொல்வது பொருந்துகிறது. பறை லூப்புகளை மட்டும் கவனியுங்கள்: டெம்போ ஏறும்போது அவை கூடவே ஏற வேண்டும், எனவே அவற்றின் ஸ்ட்ரெட்ச் இயங்கும் நிலையிலேயே இருக்கட்டும்; குரலுக்கு மட்டும் நீக்குங்கள். தனித்தனி அடிகளாக இருக்கும் சாம்பிள்களுக்கு இது தேவையில்லை.


ஒலிக்கூடம் எழுதியது:

இரண்டு சிறு எச்சரிக்கைகள். கைபேசிப் பதிவுகள் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வீதத்தில் (வினாடிக்கு 48,000 அளவீடுகள்) இருக்கும். சரியான மென்பொருள்கள் இதைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். ஆனால் எங்காவது அந்தக் கோப்பு 44.1 என்று தவறாகப் படிக்கப்பட்டால் குரல் நூற்றுக்கு எட்டுப் பங்கு மெதுவாகி, சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். அத்தை வைத்துப் பாடிய சுருதியை ஓடவிட்டு, குரல் அதனோடு சேர்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்ந்தால் இந்தக் கவலை இல்லை. கோப்பை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்கியிருந்தால், மூலக் கோப்பையே ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள். சுருக்கப்பட்ட ஒலியை ஸ்ட்ரெட்ச் செய்தால் சகரச் சீறல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

தொடைத் தட்டலை இறுதிக் கலவையில் நீக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. டெம்போவைக் குரலுக்கு ஏற்ப ஏற்றுவதாக முடிவு செய்தால் தட்டல் கிக்கின் மேலேயே விழும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அடியில் கிடக்கும் உறுமல் போய்விடும், எஞ்சியது கிக்குக்குள் மறைந்துகொள்ளும்.


கும்மிக்கொட்டு எழுதியது:

டெம்போவை 92, 94, 97 என்று சரணத்திற்குச் சரணம் ஏற்றி, குரலின் ஸ்ட்ரெட்ச்சை நீக்கிவிட்டேன். ‘சாமி’ வரும் இடங்களில் ஆகாரம் கோட்டில் நிற்கிறது. இரண்டாவது சரணத்தின் முடிவில் அத்தை மூச்சு வாங்க ஒரு தட்டல் அளவு கூடுதலாக நின்றிருக்கிறார். அங்கே மௌனத்தை வெட்டுவதா, ஒரு அடி கூடுதலாகச் சேர்ப்பதா என்று யோசிக்கிறேன்.


சொற்கட்டு எழுதியது:

அந்த இடத்தில் அவர் தட்டிக்கொண்டே நின்றாரா, தட்டாமல் நின்றாரா என்று பாருங்கள். தட்டியிருந்தால் அது தாளத்தில் சேர்ந்தது. அந்த ஓர் அடியைப் பறைக்குக் கொடுத்து, அடுத்த சரணத்தை அதற்குப் பின் தொடங்குங்கள். தட்டவில்லை என்றால் வெறும் மூச்சு, தயங்காமல் வெட்டலாம்.